மேஸ்திரி சந்தில் ஓயாத ஒரு ஸ்வரம்

புரசைவாக்கத்தில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே வந்தால், ஆட்டோ ஒன்று நுழைந்ததும் எதிரே வருகிற மாடு பின்னாலேயே நடந்து திரும்பிப் போக வேண்டிய அகலத்தில் மேஸ்திரி சந்து என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சந்தில் நாற்பத்திரண்டு வீடும், ஒரு டிரான்ஸ்பார்மரும், ஒரு ரேஷன் கடையும், நான் பிளவுஸ் தைக்கிற கடையும், போன வருஷம் நாலு மாதம் ஏழு நாள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு கிதார் ஸ்வரமும் இருந்தன. அதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதில் பாதி புளுகு. நான் சொல்வதைக் கேளுங்கள். சந்து முனையில் பதினாறு வருஷமாக மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சுலோச்சனாவுக்குத் தெரியாமல் இங்கே ஒரு பூனை குட்டி போட்டது கிடையாது.

கிதார் வாசிக்கிறவர் இன்பராஜ் மாஸ்டர். முப்பத்தொரு வருஷம் சினிமாப் பாட்டுக்கு வாசித்தவர். வாசித்தார் என்றதும் மேடையில் முன்னால் நின்று தலையை ஆட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாடுகிறவர் பாட, வயலின்காரர்கள் இருபது பேர் ஒன்றாக அழ, புல்லாங்குழல் நடுவில் வந்து கொஞ்சிவிட்டுப் போக, இவர் எல்லாருக்கும் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நாலு ஸ்வரத்தை ஒன்றாக அமுக்கி, கார்டு பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடும், கேசட் அட்டையில் எல்லார் பேரும் இருக்கும், இவர் பேர் இருக்காது. டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்தால் ஓடிவந்து, "இதுல நான் இருக்கேன்," என்பார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். "எங்க மாஸ்டர்?" என்றால், "அதோ, அந்தப் புல்லாங்குழலுக்கு அடியில," என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் நல்ல மனுஷன் மனசு நோகக் கூடாதே என்று, "ஆமாமா, பிரமாதம்," என்று சொல்லி வைப்போம்.

ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனுஷனுக்கு ஆசை வந்தது. வேறு ஆசை என்றால் அவர் மனைவி ஹெப்சி அக்கா ஒரு கை பார்த்திருப்பார். இது ஜாஸ் ஆசை. பாட்டுக்காரர் இல்லை, வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லவே இல்லை, ஒரே ஒரு கிதார், ஒரே ஒரு ஆள், எட்டு உருப்படி, அட்டையில் தன் பேர் மட்டும். ஜாஸ் என்றால் என்ன மாஸ்டர் என்று கேட்டேன். "ஒரு மெட்டை எடுத்துக்கிட்டு அது எங்க எங்க போவுதோ அங்கெல்லாம் பின்னாலயே போயிட்டு, கடைசியில பத்திரமா வீட்டுக்குத் திரும்பி வர்றதும்மா," என்றார். புரசைவாக்கத்துக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுக்க வருகிற பெண்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், இதற்கு எதற்குத் தனியாக ஒரு பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசைக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது. மாஸ்டருக்கு இடது கை மோதிர விரலில் மூட்டு தேய்ந்துபோய், காலையில் எழுந்தால் விரல் மடங்கினது மடங்கினபடியே நிற்கும். ஹெப்சி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வெந்நீரில் உப்புப் போட்டு அந்த விரலைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவார். எலும்பு டாக்டர், "இந்த வருஷம் ஓட்டிடலாம், அதுக்கு அப்புறம் கிதாரை மறந்துடுங்க," என்று சொல்லிவிட்டார். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள், டிசம்பருக்குள் எட்டு உருப்படியும் கைக்கு வந்தால் வெளியிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஏழோடு நின்றால் ஆல்பம் கிடையாது. மாஸ்டருக்கு இது முதல் ஆல்பம், கடைசி ஆல்பமும் இதுதான், எங்களுக்கும் தெரியும்.

வீட்டு முன்னறையிலேயே ரெக்கார்டிங். பழைய ஸ்டூடியோவில் சவுண்ட் பார்த்த ஷௌகத் பாய், மாஸ்டருக்குப் பால்யத்துச் சிநேகிதர், இரண்டு மைக்கோடு வந்து இறங்கினார். வெளிச் சத்தம் உள்ளே வராமல் ஜன்னலை அடைக்க மெத்தை வேண்டும் என்றார். சந்தே மெத்தை கொடுத்தது. இலவம்பஞ்சு மெத்தை, தென்னைநார் மெத்தை, மின்சார ஆபீஸ் ஏகாம்பரம் சாருக்கு மருமகன் வாங்கிக் கொடுத்து முதுகுவலி கூடிப்போன அந்த வெளிநாட்டு மெத்தை, எல்லாம் போனது. ஒரு வாரம் பாயில் படுத்தோம். கலைக்கு அவ்வளவுதான் எங்களால் செய்ய முடிந்தது.

ஏழு உருப்படி முடிந்தது. எட்டாவது, ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, சாயந்திரம் நாலு மணி. மெட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு வீடு திரும்புகிற கடைசி இடத்தில், வாசற்படி ஏற வேண்டிய அந்த ஒரே ஒரு ஸ்வரத்தில், மோதிர விரல் மரத்துப் போய் ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம், முன்னாலேயே விழுந்துவிட்டது. அபஸ்வரம். மாஸ்டர் "சே" என்றார். ஷௌகத் பாய், "இன்னொரு டேக் போலாம் இன்பா," என்றார். ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. மாஸ்டர் தந்தி மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பாய் ஒயரைப் பிடுங்கினார். கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஸ்வரம் முன்னறையில் நெஞ்சு உயரத்தில் அப்படியே நின்று, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், ஒலித்துக்கொண்டே இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்த ஹெப்சி அக்கா பையை இறக்கி வைத்து, "ஃபேனுக்கு எண்ணெய் விடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது," என்றார்.

மறுநாள் அது வாசல் கேட் வரை வந்தது. மூன்றாம் நாள் டிரான்ஸ்பார்மரிலிருந்து ரேஷன் கடை வரை சந்து முழுவதும் பரவி, அதோடு நின்றுகொண்டது. ரேஷன் கடைக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தால் கேட்காது, இந்தப் பக்கம் எடுத்து வைத்தால் கேட்கும். சந்துக்காரர்கள் எல்லாரும் ஒரு முறையாவது அந்த இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறோம், நான் தைக்க வந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

முதலில் புகார் சொன்னோம். ஏன் சொல்ல மாட்டோம்? மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிற ஏகாம்பரம் சார், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் போய்க் காதை நீட்டிக் கேட்டுவிட்டு, "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். சத்தம் அளக்கிற மெஷினோடு ஒரு அதிகாரி வந்தார். அந்த மெஷினில் முள் அசையவே இல்லை. "எனக்கும் கேக்குது, ஆனா மெஷினுக்குக் கேக்கல," என்று சொல்லி, 'புகார் உண்டு, சத்தம் இல்லை' என்று எழுதி, ஏகாம்பரம் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் கடையில் மோர் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது சரிசெய்தது, நாதஸ்வரக்காரர் கோதண்டம். அவர் வீடு ரேஷன் கடைக்கு எதிர்வீடு. ஒரு நாள் காலையில் சாதகம் பண்ண முடியாமல் திண்டாடிப்போய் வாசலில் நின்று, கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்துக் கேட்டவர், "அட, இது சத்தம் இல்லீங்க. ஸ்ருதி," என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் சந்து மாறிப்போனது. தொல்லையாக இருந்தது சொத்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் எவனாவது ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அது ஸ்ருதிதான், அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்றுதானே நமக்குத் தெரியும்? அபஸ்வரமாகப் பிறந்த ஒன்றுக்கு நாற்பத்திரண்டு வீடும் சுதி சேர்க்க ஆரம்பித்தது. கோதண்டம் சீவாளியை மாற்றி மாற்றி அதோடு பொருத்தினார். சர்ச்சுப் பாட்டுக் குழுவினர் இங்கே வந்து ஒத்திகை பார்த்தார்கள். முதல் மாடிப் பாட்டு டீச்சர் தம்பூராவை உறையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டார். கீரைக்காரம்மா வடக்கே எந்தச் சுதியில் கூவிக்கொண்டு வந்தாலும் டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் குரல் தானாக இறங்கி அதில் உட்கார்ந்துகொள்ளும். குக்கர்கள்கூட அதே சுதியில் விசிலடித்தன. வீட்டு புரோக்கர், "இருபத்துநாலு மணி நேரம் தண்ணி, இருபத்துநாலு மணி நேரம் ஸ்ருதி," என்று சொல்லி இரண்டு போர்ஷனை ஒரே நாளில் தள்ளிவிட்டார்.

நஷ்டமும் உண்டு. சண்டை போட முடியாமல் போய்விட்டது. தண்ணி லாரி வந்தால் நான் வாயைத் திறப்பேன், மூன்று தெருவுக்குக் கேட்கும், அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் இப்போது, "ஏண்டி, என் குடத்தைத் தள்ளினியே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு," என்று நான் ஆரம்பித்தால் அது சுதியோடு சேர்ந்து, நீட்டலும் குழைவுமாக, கச்சேரி மாதிரி வரும். எதிரே நிற்கிறவள் சிரித்துவிடுவாள். பாட்டு டீச்சர் மாடியிலிருந்து, "சபாஷ் சுலோச்சனா," என்பார். மானம் போகாதா?

ஷௌகத் பாயின் மகள் ரிஸ்வானா எங்கள் சந்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பிறந்த பெண்குழந்தை, பிறந்த நாள் முதலாக வீறிட்டு அழுததே தவிரத் தூங்கியது இல்லை. அவளும் கண்ணுக்குக் கீழே கருவளையமும் கலைந்த தலையுமாக ஆளே பாதியாகிப் போயிருந்தாள். ஸ்வரம் வந்த மூன்றாம் நாளிலிருந்து குழந்தை தொட்டிலில் போட்ட உடனே தூங்கியது. ரிஸ்வானா ஆறு மாதத்துக்குப் பிறகு தலை சீவிக்கொண்டு கடைக்கு வந்து, தனக்கு ஒரு பிளவுஸ் அளவு கொடுத்தாள்.

இவ்வளவு கூத்திலும் ஒருத்தரை மறந்துவிட்டோம் பாருங்கள். இன்பராஜ் மாஸ்டரை.

அவருடைய கிதாரில் அந்த ஸ்வரம் இல்லாமல் போய்விட்டது. மூன்றாவது தந்தியில் அந்த இடத்தில் விரலை வைத்தால், தந்தி அதிரும், சத்தம் வராது. வேறு தந்தியில் தேடிப் பார்த்தார், கீழே பார்த்தார், மேலே பார்த்தார், இல்லை. கடன் வாங்கின கிதாரில் பார்த்தார். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் அங்கே இருந்த பியானோவிலும் பார்த்தார். மற்றவர்கள் தொட்டால் பேசுகிற கட்டை இவர் தொட்டால் ஊமை. வெளியே போன ஸ்வரம் திரும்பி வந்தால்தானே இருக்கும்? அது மேஸ்திரி சந்தில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டும் குக்கருக்குச் சுதி கொடுத்துக்கொண்டும் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, தப்பாக நின்ற அந்த ஸ்வரத்தைக் கையைப் பிடித்து அடுத்த படி ஏற்றி, அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடப் பார்த்தார். அது நகரவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. விரல் நாளுக்கு நாள் மோசமானது. வெந்நீர்ப் பாத்திரம் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று ஆனது.

டிசம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பதினொரு மணிக்குச் சங்கக் கூட்டம். 'சந்து ஸ்ருதியைப் பாதுகாப்பது குறித்து' என்று ஏகாம்பரம் சார் நோட்டீசில் போட்டிருந்தார். மாஸ்டர் எழுந்து நின்றார்.

"அதைப் பாதுகாக்க வேணாம்," என்றார். "அதை முடிக்கணும். அது என் விரல்ல இருந்து போனது. அது முடியாம என் பாட்டு முடியாது. விரல் இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்னு நினைக்கிறேன்."

கூட்டம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. கோதண்டம், இந்தச் சுதியில் சீவாளியைப் பொருத்தி வைத்து, தை மாதம் ஒப்புக்கொண்ட கல்யாணங்களைச் சொன்னார். ஏகாம்பரம் சார், "பொது உபயோகத்துக்கு வந்த ஒண்ண தனி நபர் நிறுத்த முடியாது மாஸ்டர், ரூல் இருக்கு," என்றார். எந்த ரூல் என்று அவருக்கே தெரியாது. நானும் சும்மா இருந்தேனா? சுலோச்சனாவா? "ஏழு பாட்டு இருக்கே மாஸ்டர், ஏழு போதாதா? சப்த ஸ்வரமே ஏழுதானே," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையை வலது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் எங்களிடம் கேட்டது அந்த மெத்தைகள் மட்டும்தான்.

அப்போது ரிஸ்வானா எழுந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தோம்.

"வாசிங்க அங்கிள்," என்றாள். "என் பொண்ணு என்னைக்காவது அது இல்லாம தூங்கக் கத்துக்கத்தானே வேணும். வாசிச்சு முடிச்சுடுங்க."

ஷௌகத் பாய் மூக்கைச் சிந்தினார். மாஸ்டர், "அது நகர மாட்டேங்குதும்மா. நாலு மாசமா தினம் திருத்திப் பாக்குறேன்," என்றார்.

"ஏன் திருத்துறீங்க?" என்று கேட்டார் ஹெப்சி அக்கா. கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. காப்பி டம்ளர்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பக்கூட இல்லை. "முப்பத்தொரு வருஷம் யார் யாருக்கோ பின்னாடி உக்காந்து பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. அவங்க எப்படிப் பாடினாலும் விடாமப் பிடிச்சீங்க. இப்ப ஒண்ணு உங்களுக்குப் பின்னாடி நின்னு நாலு மாசமா பிடிச்சுக்கிட்டிருக்கு. நீங்க எப்ப முன்னாடி வந்து வாசிப்பீங்கன்னு அது காத்துக்கிட்டிருக்கு. போய் வாசிங்க."

மாஸ்டர் எழுந்து போய்க் கிதாரை எடுத்து வந்து, சந்து நடுவில், என் கடை முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஷௌகத் பாய் மைக்கை எதிரே நட்டு வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டார். மெத்தையெல்லாம் கிடையாது, பட்டப்பகல், பன்னிரண்டு மணி.

என்ன வாசித்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சங்கீதம் தெரிந்தவள் இல்லை நான். அந்த அபஸ்வரத்தைத் திருத்தவில்லை, அதைவிட்டு ஓடவும் இல்லை. அது நின்ற இடத்தையே வீடு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கிளம்பி, எங்கெங்கோ போய், மறுபடி மறுபடி அதனிடமே வந்தார். கோதண்டம், "ஆஹா, ஆஹா," என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். முதல் தடவையாக இன்பராஜ் மாஸ்டர் வாசிப்பது எனக்குக் கேட்டது. எதற்கும் அடியில் இல்லை, பின்னால் இல்லை, அவரே. இருபது நிமிஷம் வாசித்திருப்பார். கடைசியில் அந்த மோதிர விரலை மூன்றாவது தந்தியில், ஊமையாய்க் கிடந்த இடத்தில் வைத்து மீட்டினார். சந்து முழுவதும் நிறைந்திருந்த ஸ்வரம் அந்தத் தந்தியில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நின்றது.

அவ்வளவு நிசப்தம் எங்களுக்கு மறந்தே போயிருந்தது. ரேஷன் கடையில் அரிசி கொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்டது. உடனே ரிஸ்வானாவின் குழந்தை கண்ணை விழித்து வீறிட்டது.

பதினொரு நாள் அழுதது. அந்தப் பதினொரு நாளும் சந்தில் பாதிப் பேர் மாஸ்டரிடம் பேசவில்லை, ஹெப்சி அக்காவிடம், "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்று அவர் காதில் விழும்படி விசாரித்தோம், அவ்வளவுதான். நாதஸ்வரத்துக்குப் புதுச் சீவாளி, மாடியில் தம்பூராவுக்குத் தூசி தட்டல். நான் தண்ணி லாரியில் நாலு மாதத்துப் பாக்கியை எல்லாம் ஒரே நாளில் திட்டித் தீர்த்தேன். பன்னிரண்டாம் நாள் குழந்தை தானாகவே தூங்கிவிட்டது, நாங்களும் மாஸ்டரிடம் தானாகவே பேச ஆரம்பித்தோம்.

சொன்னபடி டிசம்பரில் ஆல்பம் வெளிவந்தது. ஜனவரியில் விரல் மடங்கியது, பிறகு நிமிரவில்லை. பிப்ரவரியில் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் விமர்சனம் வந்தது. ஏகாம்பரம் சார் என் கடையில் உட்கார்ந்து எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். ஏழு உருப்படியைப் புகழ்ந்து எழுதிவிட்டு, அந்த விமர்சகன், 'எட்டாவதில் இன்பராஜ் ஒரு தவறான ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, விளங்காத பிடிவாதத்தோடு கடைசிவரை அதிலேயே நிற்கிறார்' என்று எழுதியிருந்தான்.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. தவறான ஸ்வரமா? யாருடைய ஸ்ருதியை யார் தவறு என்பது? கோதண்டம் அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஏகாம்பரம் சார் உட்கார்ந்த இடத்திலேயே கண்டனக் கடிதம் எழுதினார். நாற்பத்தொரு வீட்டுக் கையெழுத்தும் அரை மணியில் வாங்கிவிட்டோம். நாற்பத்திரண்டாவதாக மாஸ்டரிடமும் ஒன்று வாங்கலாம், அப்படியே மனுஷனுக்கு ஆறுதலும் சொல்லிவிட்டு வரலாம் என்று கூட்டமாக அவர் வீட்டுக்குப் போனோம்.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் படித்தார். மறுபடி படித்தார். நாங்கள் எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு நின்றோம்.

"ஹெப்சி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. நான் தப்பா வாசிச்சிருக்கேன்னு எழுதியிருக்கான்."

"அதுக்கு எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றபடி வந்தார் ஹெப்சி அக்கா.

"சிரிக்காம? முப்பத்தொரு வருஷத்துல நான் எத்தனை தப்பு வாசிச்சிருக்கேன் தெரியுமாடி? ஒருத்தனுக்காவது கேட்டுச்சா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். கண்டனக் கடிதத்தை வாங்கி மடித்து ஏகாம்பரம் சாரின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, பேப்பரை அவரிடம் நீட்டினார்.

"அந்த வரியை மட்டும் இன்னொரு தடவ படிங்க சார்," என்றார். "பேரோட படிங்க."